நாக்கும் வாயும்

ஒயினை ருசி பார்ப்பவர்கள் அதை விழுங்குவதில்லை, ஐயா. வெளியில் இருப்பவர்களுக்கு இது புரிவதே இல்லை. வேலை நேரத்தில் குடித்துக்கொண்டே சம்பளம் வாங்குகிற கூட்டம் என்று எங்களைப் பற்றி ஒரு நினைப்பு. என் மாமனாரே கல்யாணத்துக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, ஒரு நாளைக்கு எவ்வளவு உள்ளே போகும்?" என்று கேட்டார். ஒரு சொட்டுகூடப் போகாது என்றேன். அவர் கடைசிவரை நம்பவில்லை.

முறை இப்படித்தான். கிளாஸை ஒரு வெள்ளைத் துணிக்கு நேரே சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். மெல்லச் சுழற்றி மூக்கை உள்ளே விட வேண்டும். பிறகு ஒரு வாய் எடுத்து, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றையும் சேர்த்து இழுத்து, நாக்கின் நுனி, ஓரம், அடி எல்லாம் நனையும்படி உருட்ட வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருக்கும் வாளியில் துப்பிவிட வேண்டும். நல்ல ஒயினோ கெட்ட ஒயினோ, துப்பத்தான் வேண்டும். துப்பிய பிறகு வாயில் என்ன மிஞ்சுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. என் அண்ணன் துப்புவதே ஓர் அழகு. வாளியின் நடுவில், சத்தமில்லாமல், ஒரே கோடாகப் போய் விழும். சட்டையில் ஒரு பொட்டுக் கறை பார்த்ததில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கடைசி மாதங்களில் அண்ணனால் துப்ப முடியவில்லை. மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

பக்கத்து அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பவர் என் அண்ணி. புருஷனுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்துத் தானே கொன்றுவிட்டதாக உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் டீ வாங்கிக் கொடுத்து, வீட்டுக்குப் போங்கம்மா என்று சொல்லியும் அசையவில்லை என்று வாசலில் நிற்கும் காவலர் சொன்னார். அண்ணி பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அது தப்பு. என் அண்ணன் தண்ணீரால் சாகவில்லை. அதைச் சரிசெய்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

எங்கள் திராட்சைத் தோட்டங்கள் இருக்கிற சரிவில் கோடையிலும் சாயங்காலமானால் ஸ்வெட்டர் வேண்டும். அந்தக் குளிரில் பழம் பழுப்பதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். வெயில் ஊர்களில் திராட்சை அவசரப்பட்டு இனித்துவிடும், ஒயினும் ஜாம் மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். எங்கள் சிவப்பு அப்படி இல்லை. கிளாஸில் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும். வாயில் வைத்ததும் முதலில் புளிப்பு வந்து எச்சிலை ஊற வைக்கும். அடுத்து மிளகு. அதற்கப்புறம், நாவல்பழம் தின்றது போல் நாக்கைப் பிடித்துக்கொள்கிற துவர்ப்பு. முரட்டு ஒயின்தான், ஆனால் நிதானம் தெரிந்த முரடு. கையை ஓங்கும், அடிக்காது. இந்தக் கடைசி வரி அண்ணன் சொன்னது இல்லை. நான் எழுதியது. பாட்டில் லேபிளில் இருக்கிறது.

அண்ணன் அவ்வளவெல்லாம் பேச மாட்டார். "மிளகு" என்பார். "ஈரக்கல்" என்பார். ஒரு தடவை ஒரு பீப்பாயை ருசித்துவிட்டு, "இன்னும் கோபமா இருக்கு, விடு" என்றார். அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பத்தி எழுதுவதும், வாங்க வருகிறவர்களிடம் அரை மணி நேரம் பேசுவதும் என் வேலை. நிலவறையில் எங்கள் இருவருக்கும் பட்டப்பெயர் உண்டு. அவர் நாக்கு, நான் வாய். "நாக்கும் வாயும் வந்தாச்சு, பீப்பாயைத் திறங்கப்பா" என்று மேஸ்திரி குரல் கொடுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது?

எனக்கு ருசி தெரியாது, ஐயா. இனிப்பு, புளிப்பு தெரியும். அதற்கு மேல் எல்லாச் சிவப்பும் எனக்கு ஒரே சிவப்புதான். அது அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்து இந்த வேலையில் சேர்த்தவர் அவர். ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. முதலாளியம்மா என்னிடம் ஏதாவது கேட்டுவிட்டால், தற்செயலாகச் சொல்வது போல் அண்ணன் ஒரு சொல்லை முந்திப் போட்டுவிடுவார். அதைப் பிடித்துக்கொண்டு நான் வாய்ப்பந்தல் போட்டுவிடுவேன். அப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது.

போன அறுவடை முடிந்த கையோடு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. நிலவறைப் படியில் களைப்பாக உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உயிர் பிழைத்தார். பேச்சு போனது, கை கால் போனது, கண்ணும் கொஞ்சம் உதடும்தான் மிஞ்சின. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். வீட்டுக்கு வரும் நர்ஸம்மா ஓர் ஏற்பாடு செய்தார். ஆமாம் என்றால் கண்ணை மூடித் திறக்க வேண்டும். இல்லை என்றால் திறந்தபடியே வைத்திருக்க வேண்டும்.

அந்த நர்ஸம்மாதான் சாப்பாட்டு விஷயத்தையும் சொன்னார். "தண்ணி, டீ, சூப், எதுவா இருந்தாலும் இந்தப் பொடியைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்கணும். தண்ணியா கொடுத்தா வயித்துக்குப் போகாது, நுரையீரலுக்குப் போயிடும். அவரால இருமி வெளியே தள்ள முடியாது. தாடையை மார்போட சேர்த்து வச்சு, சின்னக் கரண்டியால, மெதுவா." ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அண்ணி அழுதுகொண்டிருந்தார், நான்தான் உன்னிப்பாகக் கேட்டேன். இரண்டு சந்தேகம்கூடக் கேட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அதற்குள் கலவைக் காலம் வந்துவிட்டது. ஒரே தோட்டத்துப் பழம்தான், ஆனால் பீப்பாய்க்குப் பீப்பாய் ஒயின் மாறும். எது சேரலாம், எது கூடாது என்று முடிவு செய்து, சேர்கிறவற்றைக் கலந்து பாட்டிலில் அடைக்க வேண்டும். அந்த முடிவில்தான் எங்கள் நிறுவனத்தின் பெயரே நிற்கிறது. முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "அண்ணனுக்கு அப்புறம் நீங்கதான். இந்த வருஷம் நீங்களே பார்த்துக்குங்க. உங்க வாய்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார். சரிம்மா என்றேன்.

முதல் நாள் மேஸ்திரி ஒரு பீப்பாயைத் திறந்து, குழாயால் உறிஞ்சி கிளாஸில் விட்டுக் கொடுத்தார். நான் சுழற்றினேன், உருட்டினேன், துப்பினேன், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். "மிளகு" என்றேன். மேஸ்திரி என்னையே பார்த்தார். "மிளகா? இது காடியாப் போக ஆரம்பிச்சிடுச்சுய்யா. நேத்தே சொன்னேனே" என்றார். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சும்மா சோதித்துப் பார்த்தேன் மேஸ்திரி என்று சிரித்துச் சமாளித்தேன். உண்மையைச் சொல்லி விலகியிருக்கலாம் என்பீர்கள். விலகி எங்கே போவது? எனக்குத் தெரிந்தது பேச்சு ஒன்றுதான், பேசுவதற்குச் சொல் எடுத்துக் கொடுத்தவர் கட்டிலில் கிடந்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

அன்று சாயங்காலம் கோட்டுப் பையில் ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் ஒயின் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். பஞ்சை நனைத்து அவர் உதட்டில் தடவினேன். அவ்வளவுதான். அண்ணி பக்கத்தில்தான் இருந்தார். அண்ணன் கண் கலங்கிவிட்டது. அண்ணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தம்பி, அவர் முகத்தைப் பாருங்க. எத்தனை நாளாச்சு இப்படிப் பார்த்து" என்று அழுதார். "நல்லா இருக்காண்ணே?" என்று கேட்டேன். கண்ணை மூடித் திறந்தார். ஆகவே இது பாசத்தில் ஆரம்பித்தது. அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் தினமும் மதியம் போக ஆரம்பித்தேன். நர்ஸம்மா போன பிறகு அண்ணி குளிக்கப் போவார், கடைக்குப் போவார். நான் துணைக்கு இருப்பேன். "என் கொழுந்தன் மாதிரி யாருக்கு வாய்க்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். எங்கள் இரண்டு வீட்டிலும் துணிமணி எல்லாம் ஒயின் மணக்கும், அதனால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

பஞ்சு போதவில்லை. நல்ல பீப்பாய்க்கும் மோசமான பீப்பாய்க்கும் அவர் ஒரே மாதிரி விழித்தார். நாக்கு முழுக்க நனையாமல் அவர்தான் என்ன சொல்வார், பாவம். நர்ஸம்மா சொன்ன பொடியைக் கலந்து பார்த்தேன். நான் விதிமுறைப்படிதான் முயன்றேன், ஐயா. பசை மாதிரி ஆகிவிட்ட ஒயினை அவர் நாக்கில் வைத்தபோது அண்ணன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவ்வளவு பெரிய ரசனைக்காரருக்கு அப்படி ஓர் அவமானத்தைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. அதனால் பொடியை நிறுத்தினேன்.

ஒரு கரண்டி. அதற்கு மேல் இல்லை. தாடையை மார்போடு சேர்த்தால் ஒயின் பல்லோரத்திலேயே தேங்கிவிடுகிறது, வாசனை மூக்குக்கு ஏறுவதில்லை. எனவே தாடையை நிமிர்த்திப் பிடித்தேன். நர்ஸம்மா வேண்டாம் என்று படத்தில் குறுக்குக் கோடு போட்டுக் காட்டிய நிலை அதுதான். அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். மறுநாள் அந்தப் பீப்பாயைச் சேர்க்கலாம் என்றேன். மேஸ்திரி ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, புருவத்தை உயர்த்தி, "வாய்க்கு நாக்கு முளைச்சிடுச்சுப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றுதான் நானும் மனசாரச் சிரித்தேன். வழியில் அண்ணனுக்கு ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனேன். அரக்கு நிறம். "நல்ல நிறமாப் பார்த்து வாங்கியிருக்கீங்க தம்பி" என்றார் அண்ணி. கறை தெரியாது என்பதற்காக வாங்கியது.

இருமல் கொஞ்ச நாளில் வந்தது. அதை இருமல் என்றுகூடச் சொல்ல முடியாது, நெஞ்சுக்குள் ஏதோ கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாராவது இவருக்குத் தண்ணியா ஏதாவது கொடுத்தீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் டாக்டர். ஒரு நாள் டம்ளரையே பார்த்துக்கிட்டு இருந்தார். மனசு கேக்கலை. ஒரே ஒரு மடக்கு கொடுத்தேன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என்றேன் இல்லையா? திறந்திருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். "அண்ணி, தெரியாம செஞ்சது, விடுங்க" என்று அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அண்ணி அவருக்கு ஒரு கரண்டிகூட ஊட்டவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி, நீங்களே கொடுத்துவிடுங்கள் என்று எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டார்.

இன்னொரு தடவை இப்படி ஆனால் நுரையீரல் தாங்காது என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். நான் நிறுத்தினேன், ஐயா. கொஞ்ச நாள் நிஜமாகவே நிறுத்தினேன். பாட்டில்கள் வந்து இறங்கின. கார்க் வந்து இறங்கியது. இன்னும் பாதிப் பீப்பாய்கள் முடிவாகாமல் இருந்தன. முதலாளியம்மா தினம் ஒரு தடவை கேட்டார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். எத்தனை நாள் நிற்க முடியும்?

மறுபடி போனபோது அண்ணன் வாயைத் திறக்கவில்லை. கண்ணை விட்டால் உடம்பில் அவர் சொன்னபடி கேட்கிற இடம் உதடு ஒன்றுதான், அதை இறுக்கி மூடிக்கொண்டார். கன்னத்தை இரண்டு பக்கமும் லேசாக அழுத்தினால் திறந்துவிடும். மாத்திரை கொடுக்க நர்ஸம்மா செய்வதுதான், புதிதாக நான் ஒன்றும் செய்யவில்லை. ஒயினை ஊற்றிவிட்டுக் கேட்டேன். கண்ணை அகலத் திறந்தபடி என்னையே பார்த்தார். இல்லை என்று அர்த்தம். அந்தப் பீப்பாயை ஒதுக்கினேன். அடுத்த நாள் அடுத்த பீப்பாய். அதற்கும் இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை.

"என்னய்யா இது? போன வருஷத்தைவிட நல்லா வந்திருக்கு, இதையும் வேணாம்ங்கறே?" என்றார் மேஸ்திரி. "நாக்கு ஒத்துக்கலை மேஸ்திரி" என்றேன். அவர் பீப்பாயை உருட்டச் சொன்னார். மொத்த வியாபாரிக்கு மலிவு விலையில் போயின அத்தனையும். "அண்ணனைவிடக் கண்டிப்பா இருக்கீங்களே" என்று முதலாளியம்மாவுக்குப் பெருமை.

ஒரே ஒரு கேள்வி நான் கேட்டிருக்கலாம். ஒயினே வேண்டாமா அண்ணே என்று. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கண்ணை மூடித் திறந்திருப்பார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், உங்கள் முகத்தில் தெரிகிறது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை, ஐயா. அவர் ருசியில் கறாரான ஆள். அந்தப் பீப்பாய்களில் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு குறை இருந்திருக்கும்.

கடைசிப் பீப்பாய் ஒன்று மிச்சம் இருந்தது. சரிவின் மேல்கோடியில், எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பழுத்த பழம். அதைக் கொண்டுபோன மதியம் அண்ணி தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தார், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணனின் நெஞ்சுச் சத்தம் கதவருகிலேயே கேட்டது. அன்று அவர் உதட்டை மூடவில்லை. நான் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. முக்கியமான பீப்பாய் என்பதால் ஒரு கரண்டியோடு நிறுத்தாமல் ஒரு முழு வாய் கொடுத்தேன், நல்ல நாளில் அவரே எடுத்துக்கொள்கிற அளவு. இருமவில்லை. தேறிவிட்டார் என்றுகூட நினைத்தேன். உதட்டோரத்தில் வழிந்ததைத் துண்டால் துடைத்துவிட்டு, "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தார். சின்ன வயதில் நான் ஏதாவது உடைத்துவிட்டு வந்து நின்றால் பார்ப்பாரே, கோபமே இல்லாமல், அப்படி. பிறகு கண்ணை மூடினார்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உங்களிடம் எப்படிச் சொல்வது? எத்தனை நாளுக்கப்புறம் ஓர் ஆமாம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணி ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். "தூங்கிட்டாரா தம்பி?" என்றார். "ஆமா அண்ணி" என்றேன். பாட்டிலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நிலவறைக்குப் போய், அந்தப் பீப்பாயைச் சேர்க்கலாம் என்று சொன்னேன். மேஸ்திரி ஒரு வாய் எடுத்தார், துப்பினார், வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் லேபிளுக்கு என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் வீட்டிலிருந்து போன் வந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லை. பொடி கலக்காத ஒயின், தாடையை நிமிர்த்திப் பிடித்து, எங்கே போகும் என்று தெரிந்தே, நான் கொடுத்தது. அண்ணியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் அழுவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் நான் வரவில்லை. அவ்வளவு பெரிய நாக்கு, கடைசியில் ஒரு மடக்குத் தண்ணீரில் போயிற்று என்று ஊர் பேசுவதை என்னால் தாங்க முடியவில்லை. அவர் கடைசியாக ருசித்தது எங்கள் சரிவின் மிகச் சிறந்த சிவப்பு. அதற்கு அவர் ஆமாம் என்றும் சொன்னார்.

மூடித் திறந்தால்தான் ஆமாம் என்று நர்ஸம்மா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. திறக்கவில்லை என்பதற்காக அதை இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியுமா? நான் அவர் தம்பி. அவர் முகம் எனக்குத் தெரியும்.

பிடிக்கவில்லை என்றால் துப்பியிருப்பார், ஐயா.